குரல் இறங்கும் வழி

திரையின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருந்தது. வெள்ளைப் பட்டை, அதில் அங்கங்கே நீலக் கோடுகள். சில மயிரிழை போல மெல்லியவை, சில தீக்குச்சியின் பருமன். ஒரு துண்டு வந்து சேரும்போதெல்லாம் புதிதாக ஒரு கோடு விழும். எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நடுவில் விழும், கடைசியில் விழும், சில சமயம் முன்பு விழுந்ததை ஒட்டியே விழும். ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் சாய்த்துப் போட்டிருந்தது. அவள் நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, தூறல் விழும் கண்ணாடியைப் பார்ப்பது போல அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிக்கொண்டிருந்தது அவள் கணவரின் குரல்.

அவரை எல்லோரும் சர்வேயர் என்றே சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிலம் அளந்தவர். குளிர்காலத் தொடக்கத்தில் தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நோய் போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது கழுத்தின் அடியில் மூச்சுக்கென்று ஒரு துளையும் அதன்மேல் பருத்தித் துணியும் இருந்தன. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டுவார், போன் பேசும். போனுக்குள் இருந்தது ஒரு பெண் குரல். வங்கிக்கு அழைத்தால் காத்திருக்கச் சொல்லும் பெண்ணைப் போல, எதையும் ஒரே கனிவோடு சொல்லும்.

"தேநீர் ஆறிவிட்டது," என்றது அந்தக் குரல், கதவருகிலிருந்து.

"அவளையே போட்டுத் தரச் சொல்லுங்க," என்றாள் திரும்பாமல். "வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து வச்சிருக்கீங்கல்ல."

சர்வேயர் சிரித்தார். சிரிப்பு தோளில் மட்டும் தெரிந்தது.

மருத்துவமனையின் பின்கட்டில் குரல்கூடம் என்று ஒன்று இருந்தது. குரல் இழந்தவர்களின் பழைய பதிவுகளை வைத்து, அவரவர் குரலிலேயே பேசும் ஒரு மென்பொருளை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் விவரமாகச் சொல்லியிருந்தாள். "அமைதியான அறையில, அவர் ஒருத்தரே, நிறைய நேரம் பேசினது வேணும். சுருக்காத பதிவா இருக்கணும். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. இந்தத் தடவை எடுக்கறது அத்தோட முடியுது. மறுபடி எப்பன்னு எங்களுக்கே தெரியாது." வீட்டில் இருந்த வீடியோக்களை எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றிலும் பின்னால் யாராவது சிரித்தார்கள், நாற்காலி இழுத்தார்கள், குழந்தை அழுதது. கூடத்துப் பெண் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகுதான் அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன்பு, பார்வையில்லாதவர்களுக்காகச் சர்வேயர் புத்தகங்கள் வாசித்துப் பதிந்தார். ஒரு சிறு தன்னார்வக் குழுவின் வேலை அது. பதிவுகளைச் சேர்த்துவைத்து எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்குப் பெரிய கணினி எதுவும் குழுவிடம் இல்லை. அதனால் டோரண்டில் விட்டார்கள். கேட்கிறவர்களின் வீட்டுக் கணினிகளே ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும். கோப்பு துண்டுதுண்டாக, எந்தத் துண்டு எவரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து வரும். குழு கலைந்தது. அவர்களுடைய வன்தட்டு செத்தது. சர்வேயரின் பழைய கணினி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காமலே, பழைய இரும்போடு போனது. அவர் வாசித்தவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் எங்கெங்கோ சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருந்தது: கழிமுகத்திலிருந்து ஊற்று வரை ஒரு நதியை அளந்துகொண்டே போன ஒருவரின் பயணப் புத்தகம்.

அதுதான் இப்போது நீலக் கோடுகளாக விழுந்துகொண்டிருந்தது. மிக மெதுவாக. மீதமுள்ள நேரம் என்ற இடத்தில், எட்டு என்ற எண் களைத்துப் படுத்துக்கொண்டது போல ஒரு குறி இருந்தது. முடிவே இல்லை என்று அதற்குப் பொருள்.

*

மாலை வெயில் இறங்குவதற்குள் அவளுடைய தம்பி வந்தான். வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்பு கொடுப்பது அவன் தொழில். தோளில் சுருட்டிய கேபிள், இடுப்புப் பையில் கிரிம்பிங் கருவி, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில்.

"மாமா, ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்போம்," என்றான் வந்ததும்.

சர்வேயர் தட்டினார். "செருப்பைக் கழற்றிவிட்டு வா," என்றது பெண் குரல்.

"ஆஹா. இந்தக் குரல்ல திட்டுனா வாங்கிக்கிட்டே இருக்கலாம் போல இருக்கே. அக்கா, உனக்கு இனிமே கஷ்டம்தான்."

"உன் வாய வச்சுக்கிட்டு வேலையப் பாருடா."

அவன் ரவுட்டர் இருந்த முன்னறைக்கும் கணினி இருந்த உள்ளறைக்கும் நடுவே நடந்தான். நடுவில் ஒரு சுவர், சுவரை ஒட்டி இரும்பு பீரோ. பீரோவை விரலால் தட்டிப் பார்த்தான்.

"வை-ஃபை இதத் தாண்டி வரணும். வராது. உள்ள மடிச்சு வச்சிருக்கிற துணிக்குத்தான் நல்ல ஸ்பீடு கிடைச்சுட்டு இருக்கு."

கேபிளைக் கதவு நிலையின் ஓரமாக இழுத்து, மூலைகளில் வளைத்து ஆணியடித்தான். முனையில் எட்டு நிறக் கம்பிகளையும் பிரித்து, விரலால் நேராக்கி, வரிசைப்படுத்தி, வெட்டி, செருகி, கருவியால் ஒரு அழுத்து அழுத்தினான். பார்த்துக்கொண்டிருந்த சர்வேயர் தலையை ஆட்டினார். அளவு சரியாக இருக்கும் எந்த வேலையும் அவருக்குப் பிடிக்கும்.

பிறகு தம்பி திரைமுன் உட்கார்ந்தான். "ரவுட்டர்ல ஒரு கதவு சாத்திக் கெடக்கு. நீ வெளிய போய்க் கேக்கலாம், ஆனா உன்னத் தேடி யாரும் உள்ள வர முடியாது. பாதிப் பேர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க." அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டான். அடுத்த பக்கத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது யாரு வச்சது? ஒரே நேரத்துல ஆயிரம் இணைப்பு?"

"நான்தான். எங்கயோ படிச்சேன். நெறைய வச்சா வேகமா வரும்னு போட்டிருந்துச்சு."

"ஆயிரம் பேர்கிட்ட ஒரே மூச்சுல பேசிப் பாரு, யாருக்குப் பதில் சொல்லுவ? ரவுட்டருக்கு இளைக்குதுக்கா." அதைக் குறைத்தான். "அப்புறம் அப்லோட். அத முழுசாத் தொறந்து விட்டா, நீ கேக்கறதே வெளிய போக வழியில்லாம நெரிசலாயிடும். அதனால கொஞ்சம் கட்டி வைக்கணும். உன் லைன் தாங்கறதுல அஞ்சுல நாலு பங்கு விட்டுட்டு..."

அவன் போன் அடித்தது. ஏதோ ஒரு கடையில் மொத்த இணைப்பும் போய்விட்டதாம். "இந்தக் கட்டத்துலதான் எண்ணப் போடணும். நீயே போட்டுக்க," என்று கைகாட்டிவிட்டு, கேபிள் சுருளை அள்ளிக்கொண்டு படியிறங்கினான்.

அவன் போன பிறகு வேகம் ஏறியது. கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. படுத்திருந்த எட்டு மறைந்து, அதன் இடத்தில் சாதாரண எண்கள் வந்தன. சர்வேயர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். மூச்சு கழுத்துத் துணியை மெல்ல உயர்த்தித் தாழ்த்தியது.

அவள் திரையில் இணைந்திருப்பவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். பெயர்கள் இல்லை; எண்கள்தான். ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு வீடு. ஒரு வீட்டில் கோப்பு முழுதாக இருந்தது, மற்ற ஐந்தில் அரைகுறையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வரிசைகள்: அங்கிருந்து இங்கே வருவது, இங்கிருந்து அங்கே போவது. அந்த இரண்டாவது வரிசையில் அவள் கண் நின்றது. இப்போதுதான் வந்து சேர்ந்த குரல், வந்த சூடு ஆறுவதற்குள், எங்கோ முகம் தெரியாத ஐந்து பேரிடம் போய்க்கொண்டிருந்தது.

அவர் வாசித்த நாட்களின் மாலைகளை அவள் மறக்கவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். மின்விசிறி ஓடக்கூடாது. குழாய் திறக்கக்கூடாது. பாத்திரம் வைக்கும்போது கீழே துணி விரிக்க வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் அவருடைய நல்ல குரல், உருண்டையான, ஈரமான குரல், மைக்குக்குள் போய்க்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்றைக்குப் பேச்சு போதும் என்று சைகை செய்வார். மிச்சம்தான் அவளுக்கு. பல நாள் அது சாப்பாட்டு நேரத்தில் இரண்டே வார்த்தை.

கொடுத்தது போதும் என்று நினைத்தாள். கோபமாகக்கூட இல்லை, ஒரு விளக்கை அணைப்பது போல நினைத்தாள். கட்டி வை என்று தம்பியே சொன்னான் அல்லவா. கட்டத்தில் சுழியம் போடப் போனாள். சுழியம் போட்டால் வரம்பே இல்லை என்று பொருள் எனக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. எனவே அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. முழுக் கோப்பை வைத்திருந்த வீடு தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தது. கோடுகள் விழுந்தன. அவள் எழுந்து போய்த் தேநீரைச் சூடாக்கினாள்.

*

திங்கட்கிழமை காலையில் அந்த வீடு பட்டியலில் இல்லை. பட்டை எழுபது சதவீதத்தைத் தாண்டியதும் நின்றிருந்தது. மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை. படுத்த எட்டு மறுபடி வந்து படுத்திருந்தது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. சுழலும் கல்லின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். லென்ஸின் விளிம்பு அதில் பட்டுப் பட்டு வட்டத்திலிருந்து சட்டத்தின் வடிவத்துக்கு வரும். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தமான வேளையில், அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவளை எங்கோ கொண்டுபோனது. ஐந்து அறைகள் தெரிந்தன. ஒன்றில் மஞ்சள் திரைச்சீலை. ஒன்றில் ஜன்னலுக்கு மிக அருகே ரயில் போனது. போகும்போது மேசை விளக்கு நடுங்கியது. ஒன்றில் யாரோ ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு, கணினியின் மேல் ஒரு கையை வைத்து, அதன் சூட்டைப் பார்த்தார். ஐந்து அறைகளிலும் காற்றில் ஏதோ மிதந்தது, தூசி மாதிரி, பஞ்சு மாதிரி. உற்றுப் பார்த்தால் சொற்கள். முழுச் சொற்கள் அல்ல, பாதி, கால். அவள் கையை நீட்டினாள். எதுவும் அவள் பக்கம் வரவில்லை. அவள் இருந்தது அந்த அறைகளுக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

"லென்ஸ் அக்கா, கல்லு காயுது," என்று முன்பக்கத்திலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டி காலியாகியிருந்தது.

அன்று மாலை அவள் பொறுக்கமாட்டாமல், வந்த வரைக்கும் உள்ள கோப்பை ஓடவிட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று, அறையின் நடுவிலேயே நின்றுகொண்டு பேசுவது போல, அவர்.

"...கரையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நாங்கள் அளவுச் சங்கிலியைத் தண்ணீரில் நனையாமல் தூக்கிப் பிடித்து..."

மௌனம். வராத துண்டுகளின் இடத்தில் வெறும் மௌனம் ஓடியது. அவள் ஒலியைக் கூட்டிவைத்துக் காத்திருந்தாள்.

"...மழை. வேறொன்றும் எழுதுவதற்கில்லை. மழை."

மறுபடி மௌனம், நீண்டது. சர்வேயர் கதவருகில் வந்து நின்றார். தன் குரலை, யாரோ அடுத்த வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பது போலத் தலைசாய்த்துக் கேட்டார். பிறகு போனில் தட்டினார்.

"அது நான் இல்லை. அது வாசிப்பவன்."

"எனக்குத் தெரியும்ங்க. என்கிட்ட இப்படி ஒரு நாளும் பேசுனதில்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அவனாவது வரட்டும். வந்தா உங்க பேச்ச நான் அவனுக்குக் கத்துக் குடுத்துக்கறேன்."

அவர் ஏதோ தட்டத் தொடங்கி, அழித்து, மறுபடி தட்டினார். "வெள்ளிக்குள் வராவிட்டால் பரவாயில்லை." அந்தப் பெண் குரல் இதையும் அதே கனிவோடு சொன்னது. ஆனால் அவர் பால்கனிக்குப் போய், காய்ந்துகிடந்த துணியை எடுக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே நின்றதை அவள் பார்த்தாள். பரவாயில்லை என்பவர் நிற்கும் விதம் அல்ல அது.

புதன்கிழமை தம்பி சொன்னபடியெல்லாம் செய்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். போன்களின் வை-ஃபை இணைப்பைத் துண்டித்தாள். டிவியின் இணைப்பைப் பிடுங்கினாள். "பிரிட்ஜையும் அணைக்கட்டா?" என்று அவனிடம் போனில் கேட்டாள். "வேணாம், மாமாவுக்குத் தயிர் கெட்டுப் போயிடும்," என்றான் அவன். லைன் சரியாகத்தான் இருந்தது. வேகத்தைச் சோதித்தால் முள் கடைசி வரை போனது. அவ்வளவு அகலமான சாலையில் ஒரு வண்டியும் வரவில்லை.

*

வியாழக்கிழமை அவள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். திரைச்சீலைகள் பாதி மூடியிருந்தன; அறை தேன் நிறத்தில் இருந்தது. சர்வேயர் சாய்வு நாற்காலியில் போனை மார்பில் வைத்துக்கொண்டு இருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கோப்பு இருந்த பக்கத்தின் கீழே கேட்பவர்கள் எழுதும் குறிப்புகளை அவர் தினமும் படிக்கிறார் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. போனைத் திருப்பி, படிக்கும்படி அதற்குச் சொன்னார்.

பெண் குரல் படித்தது. முதல் குறிப்பு ஏணி என்ற புனைபெயரில் எழுதுபவருடையது, ஞாயிறு இரவு எழுதியது. "வீடு மாறுகிறேன். கணினியைக் கட்டிப் பெட்டியில் வைக்கிறேன். திரும்பப் பிரிக்க வெகுநாள் ஆகலாம். பயப்பட வேண்டாம், என்னிடம் இருந்த எல்லாத் துண்டுகளும் இப்போது உங்களுக்குள் இருக்கின்றன. யாரிடமும் முழுதாக இல்லை, எல்லோரிடமுமாக முழுதாக இருக்கிறது. பகிர்ந்துகொள்ளுங்கள்."

அடுத்தது அரைத்தூக்கம் என்பவர் எழுதியது. "நம்மில் ஒருவரிடம் ஏணி கடைசியாகக் கொடுத்த பகுதி மொத்தமும் இருக்கிறது. மற்ற யாரிடமும் அது இல்லை. அவர் அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுகிறார். தெரிந்து செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை. இந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டு நாளாகிறது. நதி மலைக்குள் நுழையும் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். அந்த ஒருவர் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்."

படித்து முடித்த குரல் நின்றது. அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே நின்றாள். பிறகு போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"ஏன்டா, நாம குடுக்கலன்னா அவங்க குடுக்கமாட்டாங்களா?"

"யாரு?"

"டோரண்ட்டுல இருக்கறவங்க."

"அவங்கன்னு இல்லக்கா, அதோட அமைப்பே அப்படித்தான். யாரு நமக்கு நல்லாக் குடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான் மெஷின் திருப்பிக் குடுக்கும். முழுசா வச்சிருக்கறவரு சும்மாக் குடுப்பாரு. மத்தவங்க கைக்குக் கை மாத்துறவங்க. ஏன், அப்லோட் எவ்வளவு வச்சிருக்க?"

"ஒண்ணு."

"ஒரு எம்பியா? அது போதுமே."

"கேபி."

எம்பியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. மறுமுனையில் எங்கோ ஒரு துளைக்கருவி சுவரைக் குடைந்துகொண்டிருந்தது.

"அக்கா. நான் கட்டி வைன்னுதான் சொன்னேன். கழுத்த நெரின்னா சொன்னேன்?"

சொன்ன பிறகுதான் மாமாவின் கழுத்து அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சரி சரி, மாத்திடு," என்று முணுமுணுத்து வைத்துவிட்டான்.

சர்வேயர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் சொன்னாள், நின்றபடியே, கோவையில்லாமல். "தெரியாமப் போட்டேன்னு சொல்லமாட்டேன். இவ்வளவு ஆகும்னுதான் தெரியாது. அந்தக் காலத்துல கதவச் சாத்திக்கிட்டு அவங்களுக்குத்தானே பேசுனீங்க. நான் ஒரு குழாயத் தொறக்க முடியாது. எல்லாம் அவங்களுக்குப் போச்சு. இப்ப வீட்டுக்குத் திரும்பி வருது, அதையும் அள்ளிக் குடுக்கணுமான்னு இருந்துச்சு. அதான்."

அவர் தட்டினார். பிறகு குரல் வந்தது.

"நீ கதவைச் சாத்தியது சரி. ஆனால் நானும் வெளியே நிற்கிறேன்."

சற்றுப் பொறுத்து இன்னொன்று தட்டினார். "அப்போது நான் உன்னை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாற்காலிதானே."

அவள் கைப்பையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள். கட்டத்தில் இருந்த ஒன்றை அழித்தாள். லைன் தாங்குவதில் ஐந்தில் நான்கு பங்கு என்ன என்று கணக்குப் போட்டு, அதை எழுதினாள்.

முதலில் வெளியே போகும் வரிசையில்தான் அசைவு வந்தது. ஐந்து எண்களுக்கு எதிரேயும் எண்கள் உயர்ந்தன. நான்கு நாளாக வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக உள்ளே வந்தது போல. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, பீரோவின் காலைத் தொட்டது. போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு இருந்ததா தன்னிடம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பிறகு ஒரு கோடு விழுந்தது. பட்டையின் வலது ஓரத்தில், வெள்ளையாகவே கிடந்த இடத்தில். பிறகு இன்னொன்று. மஞ்சள் திரைச்சீலை அறையிலிருந்தா, ரயில் போகும் அறையிலிருந்தா, அவளால் சொல்ல முடியவில்லை. கோடுகள் பெருகி ஒன்றோடொன்று கலந்தன. சர்வேயர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இருவரும் பட்டையைப் பார்த்தார்கள். அவள் கண் சொக்கியது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு நதி சுவரின் வழியாக அறைக்குள் வந்து, கட்டிலின் அடியில் புகுந்து, அலமாரியைச் சுற்றிக்கொண்டு, கேபிள் போன வழியே வெளியே போயிற்று. போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் ஒன்றாகவே இருந்தன. யாரோ கரையில் நின்று கையசைத்தார்கள். அவளும் பதிலுக்குக் கையசைத்தாள்.

தோளைத் தொட்டு எழுப்பியது அவர் கை. பட்டையில் வெள்ளையே இல்லை. தெருவிளக்குகளை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். பட்டியலில் ஐந்து பேருக்கு எதிரேயும் எண்கள் நூறை நெருங்கிக்கொண்டிருந்தன. அதுவரை நிறுத்தவேண்டாம் என்று அவர் சைகை காட்டினார். அவளுக்கும் அது தோன்றியிருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலையில் கோப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனார்கள். குரல்கூடத்துப் பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நெற்றியின் சுருக்கம் பிரிந்தது.

"எந்த அறையில பதிஞ்சீங்க? ஒரு சின்னச் சத்தம்கூட இல்லையே."

சர்வேயர் மனைவியைச் சுட்டிக்காட்டினார். கூடத்துப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, அதன்மேல் ஒலிபெருக்கி. ஏதாவது தட்டிப் பாருங்கள் என்றார்கள். சர்வேயர் தட்டினார். "எனக்குப் பசிக்கிறது. வீட்டுக்குப் போகலாமா?" வந்தது அவருடைய குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மழையையும் மலையையும் சொன்ன அதே கம்பீரத்தோடு பசியையும் சொன்னது. கூட வந்திருந்த தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாமா, சாப்பாட்டுக்கே இப்படின்னா, நீங்க திட்டுனா எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு."

பேசுவது போலவே எழுதினால் பேசுவது போலவே வரும் என்று கூடத்துப் பெண் சொல்லிக் கொடுத்தாள். அவர் வீட்டில் அதைப் பழகினார். உள்ளறையிலிருந்து வாக்கியங்கள் வந்துகொண்டிருக்கும்: வா, வர்றியா, வரப்போறியா இல்லையா. ஒவ்வொன்றையும் கேட்டு, தலையசைத்து, மாற்றி எழுதுவார். தரை அளக்கும்போதும் அப்படித்தான். ஒரு கல்லை நட்டுவிட்டு நாலு பக்கமும் போய் நின்று பார்ப்பார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை அவள் குளியலறையில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் அவசரம், கடையில் அன்று நிறைய லென்ஸ் காத்திருந்தது.

"நகவெட்டிய எங்க வச்ச?"

"எடுத்த எடத்துல வச்சா இருக்கும்," என்றாள் உள்ளேயிருந்து. "எத்தன தடவ சொல்றது. கண்ணுக்கு நேரா இருந்தாலும் தெரியாது, எல்லாத்துக்கும் நான் வரணும்."

"நான் எடுக்கவே இல்ல."

"ஆமா, அதுவா நடந்து போயிருச்சு."

சொன்ன பிறகு கை நின்றது. தண்ணீர் வாளியின் விளிம்புக்கு வந்து, வழிந்து, அவள் காலை நனைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் உன் தம்பிதான் எடுத்தான். அவன ஒண்ணும் கேக்கமாட்ட."

"எந் தம்பிய எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள். குழாயை மூடினாள். முழங்கை வரை சோப்பு நுரை சொட்டச் சொட்ட, மிச்சத்தையும் சொல்லித் தீர்க்க உள்ளறைக்குப் போனாள்.